வெள்ளை விலகும் இடம்

மிஷின் தன்னிடம் பொய் சொல்கிறது என்றுதான் மாயம்மாள் முதலில் நினைத்தாள். புதன்கிழமை சாயந்திரம் அடித்த பத்தாம் நம்பர் பளிச்சென்று வந்தது. அதே ஃபைல், அதே ஃபிலிம், அதே மை. வியாழக்கிழமை காலையில் அடித்த பத்துக்கோ வலது பக்கத்தில் வெள்ளையாக ஒரு நிழல். கருப்பு ஜெர்சியில் மஞ்சள் நம்பர்; அதன் தோளுக்குப் பின்னால் இன்னொருவன் ஒளிந்து நிற்கிற மாதிரி வெள்ளை வெளியே தெரிந்தது.

"ஒனக்கு என்னதான் வேணும்?" என்று மிஷினைக் கேட்டாள். அது பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. எல்லாம் சரி என்று அர்த்தம்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கை ஒட்டிய சந்தில் வீடு. முன்னறையில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில், ஜன்னலோரம் இப்போது மிஷின். அது பிறவியில் போட்டோ அடிக்கிற ஆறு கலர் பிரிண்டர். தேவராவில் கடை வைத்திருக்கிற சஜிதான் அதை அறுத்துத் தைத்து, சட்டைக்கு அடிக்கிற மிஷினாக மாற்றிக் கொடுத்தார். வெளிர் நிறங்களுக்கான இரண்டு டேங்கையும் கழுவி, வெள்ளை மை ஊற்றினார். ஈர வெள்ளையின் மேல் தடம் பதிக்கும் என்று உள்ளேயிருந்த சின்னப் பல்சக்கரங்களைப் பிடுங்கினார். கண்ணாடி போன்ற ஃபிலிம் மிஷினின் கண்ணுக்குத் தெரியாது என்று ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டச் சொன்னார். மேல்மூடியைக் கழற்றி, இனி இது எதற்கு என்று பைக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து மிஷின் வயிறு திறந்த ஆள் மாதிரியே இருந்தது.

வேலை கேட்பதற்கு லேசு. ஃபிலிமில் முதலில் கலர் விழும், அதன்மேல் வெள்ளை விழும், எல்லாமே இடம் வலம் மாறி விழும். ஈரம் காயுமுன் பசைப்பொடி தூவி, உதறி, சின்ன அடுப்பில் உருக்கி, சட்டைமேல் கவிழ்த்துச் சூட்டோடு அழுத்த வேண்டும். ஃபிலிம் உரிந்து வரும், படம் துணியில் தங்கும். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் கருப்புத் துணியில் எந்தக் கலரும் எடுபடாது. வெள்ளை கலருக்குச் சரியாக அடியில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் நிழல்தான்.

அப்பா சுடலைமணி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். வேலையில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அப்படிப் போனவரின் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு. அம்மாவின் தம்பி சங்கிலிப்பாண்டியும் அதே வேலையில் இருக்கிறவர், யூனியன் ஆள். கருமாதி முடிந்த கையோடு அப்ளிகேஷனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாயம்மாள் பி.காம். முடித்தவள். அந்தக் குடும்பத்தில், அம்மா வழியிலும் அப்பா வழியிலும் சேர்த்துப் பார்த்தால்கூட, பட்டம் வாங்கிய முதல் ஆள். மேசை வேலை கிடைக்குமா என்று மாமா கேட்டுப் பார்த்தார். இப்போது காலியிடம் துப்புரவில்தான் என்று பதில் வந்தது.

"இப்ப வேலைல கேறிக்கோட்டி. பின்னால டெஸ்ட் எழுதி மேல போயிரலாம்" என்றார் மாமா.

"நீங்க எத்தன டெஸ்ட் எழுதுனீங்க மாமா?"

மாமா சாயாவை ஊதிக் குடித்தார்.

அவளுக்கு அந்த வேலை வேண்டாம். அது கேவலமான வேலை என்று அவள் சொன்னதில்லை. அப்படி யாராவது சொன்னால் செருப்பைக் கழற்றுவாள். ஆனால் காலேஜில், ஒருத்தி விடாமல் எல்லோரும், "அப்பாவுக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதிலும், அதற்குப் பிறகு அவர்கள் முகம் போன போக்கும் அவளுக்கு மறக்கவில்லை. அந்தப் பதிலை இனித் தன்னைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே பல்லைக் கடித்தாள். அப்ளிகேஷனுக்குத் திங்கள்கிழமை கடைசி நாள். போன வாரம் மாமா மறுபடி அதை எடுத்தபோது அவள் வாய் முந்திக்கொண்டது.

"பினுவோட ஜெர்சி சனிக்கிழமை சரியாப் போச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். போகலைன்னா போடுறேன். பெறகு அதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன். போதுமா?"

"போதும்" என்றார் மாமா. அம்மா பாப்பா ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பினு என்கிறவன் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபுட்பால் டீமின் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை மழைச் சேற்றில் அவர்களுக்கு ஃபைனல். மிஷின் வாங்கிய பிறகு, தெரிந்தவர்களுக்கு ஒன்றிரண்டு அடித்ததைத் தவிர, உருப்படியாக வந்த முதல் ஆர்டர் அதுதான்.

வியாழக்கிழமை முழுக்க அவள் சஜியைப் போனில் விடவில்லை.

"மை கட்டியாயிருக்கும், மாயே. வெள்ளையை நல்லாக் குலுக்கு" என்றார் சஜி. குலுக்கினாள். தேங்காய்ப்பால் மாதிரி அடியில் தங்கியிருந்தது மேலே வந்தது. நிழல் போகவில்லை.

"பின்னே, ஹெட் அடைப்புதான். கிளீனிங் கொடு." கொடுத்தாள். மை வீணானதுதான் மிச்சம். சோதனைக் கோடுகள் ஒன்றுகூட அறுபடாமல் வந்தன.

"கோடு சரியா இருக்கா? அப்போ வோல்டேஜ்."

"காலைல மைன்னீங்க, மத்தியானம் ஹெட்டுன்னீங்க, இப்ப கரண்டுன்னு சொல்றீங்க. சாயந்தரம் ஜாதகம்னு சொல்லுவீங்களா சஜி சேட்டா?"

"மழையல்லே மாயே. மழையில ஃபிலிம் ஊறும்" என்றார் சஜி, கொஞ்சமும் கோபப்படாமல். அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மழையில் ஃபிலிம் ஊறுவது உண்மை. பசைப்பொடி, மை இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகாமல் அடம்பிடித்தது. சுக்குக் கிடங்கின் தூசி வேறு. அவள் ஜன்னலை அடைத்தாள், தலைமுடி உலர்த்துகிற மிஷினால் ஃபிலிமை உலர்த்தினாள், பொடி டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பொடி ஒழுங்குக்கு வந்தது. நிழல் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நிழல் தடித்திருந்தது. இதுதான் அவளைக் குழப்பியது. ஒரு கோளாறு என்றால் அடிக்க அடிக்க மோசமாக வேண்டும். இது பகல் முழுக்க ஒரே அளவில் இருந்துவிட்டு, ராத்திரி சும்மா கிடந்து, காலையில் மோசமாகிறது. தூங்கும்போது சீக்கு முற்றுமா? ஈரக்காற்று என்று வைத்துக்கொண்டாலும், மத்தியானம் வெயில் அடித்தபோது குறைந்திருக்க வேண்டாமா? அவள் யூட்யூபில் ஒருவன் சொன்னதைக் கேட்டாள். இன்னொருவன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். இரண்டுக்கும் கீழே ஆயிரம் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

நிழல் எப்போதும் சட்டையின் வலது பக்கத்தில்தான் வருகிறது என்பதைப் பிடித்தாள். அப்படியென்றால் வலது பக்கம் கெட்டது. படத்தை ஃபிலிமின் இடது ஓரத்துக்குத் தள்ளி அடித்தாள். முழு நம்பருமே இரண்டாக வந்தது. இடது ஓரத்தில் மை தெளிக்கிற தலை, அதுதான் ஹெட், தடக்கென்று ஒரு குலுங்கு குலுங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அந்தப் பாழாய்ப்போன ஃபிலிமை வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஃபிலிமில் எல்லாம் மாறி விழுகிறது. சட்டையின் வலது என்றால் மிஷினின் இடது. நல்ல பக்கத்தை விட்டுவிட்டுக் கெட்ட பக்கத்தில் கொண்டுபோய் அடித்திருக்கிறாள்.

"நீயெல்லாம் டிகிரி" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

படத்தை வலது ஓரத்துக்குத் தள்ளினாள். நிழல் இல்லை. காரணம் விளங்கவில்லை, ஆனால் நிழல் இல்லை. காரணம் யாருக்கு வேண்டும்? வலதுபக்கமாகவே ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினாள். பாதி நம்பர் முடிந்தபோது பினு வந்து வாசலில் குடையை மடக்கினான். கயிற்றில் தொங்கிய பழைய பத்தாம் நம்பரைப் பார்த்தான்.

"இது எந்தா சேச்சி, இவனுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கறான்?"

"அது தப்பா வந்தது. ஒனக்கு இல்ல."

"எங்களுக்கே கொடுங்க. ரெஃபரி பதினாலு பேருன்னு எண்ணிட்டு ஓடிப்போயிருவான்."

"சனிக்கிழமை மத்தியானம் வா. சிரிச்சுக்கிட்டே வா, சிரிச்சுக்கிட்டே போலாம்."

"கிடைக்கும்தானே? பசங்க போன வருஷ ஜெர்சியை எல்லாம் மீன் மார்க்கெட்ல கொடுத்துட்டானுங்க."

"கிடைக்கும்னு சொன்னேன்ல."

அவன் போன பின்னாலேயே மழை கனத்தது, கரண்ட் போயிற்று. வரவே இல்லை. பரவாயில்லை, மீதியைக் காலையில் அடித்தால் போதும் என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

விடிகாலையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் முழிப்பு வந்துவிட்டது. வழக்கமாக அவள் எழுந்திருக்கும்போது அம்மா வேலைக்குப் போயிருப்பாள். ஃபோர்ட்கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை கழுவுகிற வேலை. அங்கே தங்கிப்போன வெள்ளைக்காரர்கள் பாத்ரூமைப் பற்றி மட்டும் தனியாகப் பாராட்டி எழுதுவார்களாம். ஓனர் அதைப் படித்துக் காட்டுவாராம். இன்று அம்மா இன்னும் போகவில்லை. முன்னறையில் சரக் சரக் என்று சத்தம் கேட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில், மிஷினுக்குமேல் குனிந்து நின்றுகொண்டு, பழைய பனியன் துணியால் பாப்பா எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹெட் கழுவ மாயம்மாள் வைத்திருக்கும் மருந்துப் பாட்டில் திறந்திருந்தது. அம்மாவின் நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்ன செய்ற?"

"வந்துட்டியா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு மாயி. மூணு நாளா தேய்க்கேன், எல்லாம் போயிருச்சு பாரு, இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு."

மாயம்மாள் பக்கத்தில் போனாள். தலை ஓடுகிற பாதைக்குப் பின்னால், மிஷினின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, விரலைவிட ஒடுங்கிய ஒரு பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருக்கும். மூடி இருந்தவரைக்கும் வெளியே தெரியாதது. பார்த்தால் சாம்பல் நிறத்தில், மங்கலாக, அழுக்கேறினது போலத்தான் இருக்கும். அது அழுக்கு இல்லை. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். தலை அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஓடுகிறது. சஜி முதல்நாளே சொன்னார், அதைத் தொடாதே என்று. அவளிடம் சொன்னார். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

இடது பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாடா கண்ணாடியாகப் பளபளத்தது. அங்கிருந்து நடுப்பக்கம் வரை சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொரு விடியலுக்கும் நாலு விரல்.

மாயம்மாள் சுவிட்சைப் போட்டாள். தலை வலதுகோடியிலிருந்து கிளம்பியது, வேகம் எடுத்தது, தன் இடம் தெரியாமல் இடது சுவரில் டமாரென்று போய் மோதியது. எல்லா விளக்கும் சிவப்பாக மின்னின.

பாப்பா கையிலிருந்த துணியைப் பின்னால் மறைத்தாள், சின்னப்பிள்ளை மாதிரி.

"வேணும்னே செஞ்சியா?" என்றாள் மாயம்மாள்.

"என்னது?"

"நான் கையெழுத்துப் போடணும்னு வேணும்னே செஞ்சியான்னு கேக்கேன். மாமா சொல்லிக் குடுத்தாரா?"

பாப்பா அவளை நேராகப் பார்த்தாள். "ஏட்டி, வேணும்னு செய்றவ சுத்தியலை எடுத்து ஒரே போடா போட மாட்டாளா? இப்படி விடியுமுன்ன எந்திச்சு, இடுப்பு ஒடிய நின்னு, தெனமும் தொடச்சிக்கிட்டு இருப்பாளா? அழுக்குன்னு நெனச்சேன். ஆள் வர்ற எடம், மிஷினு வ்ருத்தியா இருக்க வேணாமா?"

அம்மாவுக்குச் சுத்தம் என்றால் வ்ருத்தி. அதற்குமேல் அவளுக்கு வேறு நல்ல வார்த்தை கிடையாது.

"ஒன்ன யாரு தொடைக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்?"

நம்புவதா வேண்டாமா என்று மாயம்மாளுக்குத் தெரியவில்லை. அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு நாளாக மகள் மிஷினோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டும் தான் துடைப்பதை அவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லும்படி யார் கேட்டார்கள்? இரண்டு நாளும் மாயம்மாள் சஜியைக் கேட்டாள், யூட்யூபைக் கேட்டாள், மிஷினைக் கேட்டாள். அழுகை வருகிறதா ஆத்திரம் வருகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சஜிக்குப் போன் போட்டாள்.

"நாடா போச்சு."

"அய்யோ. எப்படி?"

"வ்ருத்தியாக்கினாங்க."

சஜியிடம் இருப்பது சின்ன மிஷினின் நாடா, நீளம் போதாது. புதியது வர வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவேண்டும், புதன் ஆகும். "ஸாரி மாயே" என்றார். அவர் குரலில் இப்போதும் கோபம் இல்லை.

மாயம்மாள் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மத்தியானம் பினு வருவான். அதற்குப் பின்னால் மாமா வருவார். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

"முழுக்கப் போகலை" என்றாள் பாப்பா, வெட்கப்பட்டுக்கொண்டே. "கீழ்ப்பாதி அப்படியே கெடக்கு. அந்தக் கம்பி குறுக்க நிக்கி, என் வெரலு போகலை. அதுதான் எனக்கும் மனசுக்கு ஒரு மாதிரியாவே இருந்துச்சு, பாதிய விட்டுட்டமேன்னு."

மாயம்மாள் கொஞ்சநேரம் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு வாங்கினாள். போனின் வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். நாடாவின் மேல்பாதி கண்ணாடி. கீழ்ப்பாதியில், கம்பியின் மறைவில், கோடியிலிருந்து கோடிவரைக்கும் சாம்பல். தலையின் கண் படிப்பது மேல்பாதியை.

அவள் சஜியைக் கேட்கவில்லை. மிஷினை நிறுத்தி, இடது கோடியில் இருந்த ஸ்பிரிங்கை நெம்பி நாடாவைக் கழற்றினாள். ஒருதடவை ஸ்பிரிங் தெறித்துப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பாப்பா எடுத்துக் கொடுத்தாள், துடைக்காமல். கோடிகளை மாற்றாமல் நாடாவைத் தலைகீழாகத் திருப்பினாள். கீழ்ப்பாதி மேலே வந்தது. ஓட்டை நடுவில் இருந்ததால் கொக்கியில் உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டாள்.

தலை கிளம்பியது. வலதிலிருந்து இடதுக்குப் போய், நின்று, திரும்பி, தன் இடத்தில் வந்து படுத்தது. பச்சை.

"ஆச்சா?" என்றாள் பாப்பா.

"பேசாத" என்றாள் மாயம்மாள். "அந்தப் பொடிய எடு. அடிச்சு வர வர நீ தூவி ஒதறு."

பாப்பா அன்று ஹோம்ஸ்டேக்குப் போகவில்லை. மாயம்மாள் அடித்தாள், பாப்பா பொடி தூவி, ஃபிலிமின் பின்பக்கத்தைச் சுண்டிச் சுண்டி உதறினாள். மகளைவிட நன்றாகவே உதறினாள். நம்பரைத் தவிர வேறெங்கும் ஒரு துகள் இல்லை. பினு வந்தபோது கடைசி ஜெர்சியின் ஃபிலிம் சூடாக உரிந்துகொண்டிருந்தது. அவன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"பின்னாடி நின்னவன் எங்கே சேச்சி?"

"ரிட்டயர் ஆயிட்டான்."

அவன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

மாமா வந்தபோது மாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவரை உட்காரக்கூட விடவில்லை.

"ஜெர்சி போயிருச்சு மாமா. நான் போட மாட்டேன்."

சங்கிலிப்பாண்டி அக்காவைப் பார்த்தார். மழைக்கோட்டின் உள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றின அப்ளிகேஷனை எடுத்தார், திரும்பவும் உள்ளே வைக்கப் போனார். "வாக்கு வாக்குதான். ஆனா ஒரு ஸ்திரம் ஜோலி, பென்ஷனு, அப்படியே தண்ணில போகுது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அத இங்க குடு" என்றாள் பாப்பா.

"எதுக்கு?"

"நான் எழுதுறேன். பொண்டாட்டிக்கும் உண்டுதானே?"

"உண்டு. ஆனா அக்கா, பிள்ளைக்குன்னா முப்பது வருஷம் நிக்கும்னுதான் நான்…"

"அது அவளுக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

மாயம்மாள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "நீ போகக் கூடாது."

"ஏன்?"

வாயைத் திறந்தாள். காலேஜ் ஞாபகம் வந்தது, அந்த முகங்கள் வந்தன. இனி யாராவது கேட்டால், அம்மாவுக்கு எந்தா ஜோலி என்று கேட்டால். அதைச் சொல்ல முடியுமா? இவளிடமா? "வெயில்ல மழைல ரோட்டுல நிக்கணும்" என்றாள்.

"இப்ப ஹோம்ஸ்டேல நான் என்ன, கசேரயில உக்காந்தா இருக்கேன்? ஒருத்தன் பெல்லடிச்சா ஓடணும். சீசன் இல்லைன்னா நாளைக்கு வராதம்பான். ஒங்க அப்பா போன பெறகு இவன் ஒன்னக் கேட்டான். நீ மாட்டேன்ன. ரெண்டு பேரும் மாசக்கணக்கா சண்ட போட்டீங்க. என்னைய ஒரு ஆளு கேட்டீங்களா?"

மாமா மழைக்கோட்டின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

மாயம்மாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதே வேலை, அதே வாசல் வழியாக, வேறு ஆளின் பெயரில் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. தடுப்பதற்கு அவளிடம் இருந்த வார்த்தைகளையெல்லாம் தன் விஷயத்துக்கே செலவழித்துவிட்டிருந்தாள்.

பாப்பா அப்ளிகேஷனை விரித்து, தலைகீழாக இல்லையே என்று பார்த்து, மகளிடம் நீட்டினாள். "நீதான படிச்சவ. எழுது."

மாயம்மாள் வாங்கவில்லை. அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கினாள். அழுத்துகிற மிஷின் இன்னும் சூடாக இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மேசையிலேயே காகிதத்தை வைத்தாள். மலையாளத்தில் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, தமிழில் கேட்டு, மலையாளத்தில் எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியது. விண்ணப்பிப்பவர் பெயர். இறந்தவருக்கு என்ன உறவு. பிறந்த தேதி தெரியாமல் மாமாவும் அம்மாவும் ஒரு கோயில் கொடையையும் ஒரு வெள்ளத்தையும் வைத்து வாதாடினார்கள். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதினாள்.

"கல்வித் தகுதி" என்று படித்துவிட்டு நிறுத்தினாள்.

"மூணாங் கிளாசு" என்றாள் பாப்பா.

மாயம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுட்டி" என்றாள் பாப்பா. "கூட்டி எழுதாத. மூணுதான்."

எழுதினாள்.